மூடாத வட்டம்

முதலில் கண்டுபிடித்தது தையல்காரி.
வெள்ளைச் சட்டைக்கு அளவெடுத்தவள்
என் வலது தோள்பட்டையின் பின்னால்
விரலை வைத்து நிறுத்தினாள்.
"டீச்சர், இங்கே இருந்த சதை எங்கே போச்சு?"
ஒரு கோழிமுட்டை உட்காரும் பள்ளம்.

அப்புறம்தான் கரும்பலகை.
பர்மிய எழுத்தில் 'வ' என்பது முழு வட்டம்,
அதன் பெயரே வலோன், உருண்டை வ.
உச்சியில் வாய் திறந்திருந்தால் அது 'ப'.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நான் 'வ' எழுதினேன்.
ஒரே குரலில் 'ப' என்றார்கள்.
அழித்து எழுதினேன்.
'ப', இன்னும் சத்தமாக.

மோல்மீனில் என் தோளைப் பற்றி
எல்லாரிடமும் ஒரு கருத்து இருந்தது.
கழுத்தெலும்பு தேய்ந்தது. வாயு. தூங்கும் திசை.
பக்கத்து வகுப்பு டோ எய் மூன் தந்த தைலம்
நாலு மாதம் மணத்தது,
எனக்கு, சாக்பீஸ் டப்பாவுக்கு, வாய்ப்பாட்டுக்கு.

ரங்கூனில் தசைக்குள் ஊசி செருகி
அதன் முனகலைத் திரையில் பார்த்தார்கள்.
டாக்டர் சாண்டா ஊ
ஒரு பிளாஸ்டிக் தோளெலும்பை மேஜையில் வைத்தார்.
மேல் விளிம்பில் ஒரு வெட்டு,
யாரோ கடித்துவிட்டு வைத்த பிஸ்கட் போல.
வெட்டின் குறுக்கே ஒரு நார்.
"இது பாலம். ரத்தக்குழாய் மேலே போகும்,
நரம்பு கீழே."
எனக்கு எங்கள் ஊர்ப் பாலம் வந்தது.
மேலே ரயில், கீழே சால்வீன்.
இரண்டு வருஷமாய் என் படகுக்காரன்
தலையைக் குனிந்தபடி அங்கேயே நிற்கிறான்.

"பாலத்தை வெட்டிவிடலாம்."
"அப்புறம் ரயில்?"
சிரித்துவிட்டார்.
"ரயிலை ஓரமாய் ஒதுக்கிவிட்டுத்தான்."

மூன்று துளை, ஒரு கேமரா:
தழும்பு சிறிசு, செலவு பெரிசு.
அல்லது பின்னாலிருந்து கீறி,
சதையை இழையோடு பிரித்து,
நேரே கண்ணால் பார்த்து.
ஊசி போட்டு, பயிற்சி செய்து காத்திருக்கலாம்தான்,
"ஆனால் நீங்கள் காத்திருந்து முடித்துவிட்டீர்கள்."
இன்னும் விட்டால்
வேறொரு தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டவேண்டும்.
அதைச் சொல்லும்போது எலும்பை எடுத்து
மேஜை அறைக்குள் வைத்துவிட்டார்.

கரண்ட் போனது அப்போதுதான்.
மின்விசிறி நிதானமாய் நின்றது.
கேமரா உள்ளே இருக்கும்போது இப்படி ஆனால்?
பேட்டரி இருக்கிறது, ஜெனரேட்டர் இரண்டு இருக்கிறது என்றது
இருட்டிலிருந்து ஒரு குரல்.
நம்பலாம் போலத்தான் இருந்தது.
என் கணவர் துரைக்கண்ணு போன் வெளிச்சத்தில்
லட்சங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.
"தழும்பை யார் பார்க்கப் போகிறார்கள்,
திறந்தே செய்யுங்கள்" என்றேன்.
காசுக்காகச் சொன்னேன். பயத்திலும் சொன்னேன்.
எது முந்திக்கொண்டது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவிழ்த்துவிட்ட நரம்பு
நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஊருமாம்.
சில ஊராது. அதையும் மறைக்காமல் சொன்னார்.
புது சாக்பீஸ் எண்பது மில்லிமீட்டர்.
ஒன்றரை சாக்பீஸ் தூரம் என்று
எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன்.

படிவத்தில் நான் டோ சான் நூ.
செண்பகவல்லிக்கு அதில் கட்டம் இல்லை.
கையெழுத்து அழகாகவே விழுந்தது.
மேஜைமேல் எல்லா வட்டமும் மூடும்,
உயரம்தான் என் தோளுக்குப் பகை.

மறுநாள் காலை
கவுனின் முதுகு முடிச்சை அவிழ்த்து
ஒரு சின்ன வயசு டாக்டர்
ஊதாப் பேனாவால் குறி போட்டான்,
தப்பான தோளை வெட்டிவிடாமல் இருக்க.
சில்லென்ற முனை பள்ளத்தின் உச்சியைத் தொட்டது,
ஓரமாய் இறங்கியது, அடியில் திரும்பியது,
மறுபக்கம் ஏறி
புறப்பட்ட இடத்திலேயே வந்து முட்டியது.

"வலோன்" என்றேன்.
"என்ன டீச்சர்?"
ஒன்றுமில்லை, தம்பி.
சரியாக எழுதினாய்.